ஊர் சொல்லாத ரோஜா

நவம்பரில் கொலம்பியாவின் பொகோட்டா பீடபூமியிலுள்ள பசுமைக்குடில்களுக்குள் ரோஜாச் செடிகளின் நுனியைக் கிள்ளிவிடுகிறார்கள். அதன்பின் புதுக் கிளை வந்து, மொட்டு கட்டி, பறிப்புக்குத் தயாராகச் சுமார் பத்துப் பதினொரு வாரம் ஆகும். கணக்கு ஒரு வாரம் தப்பினால், பூ காதலர் தினம் முடிந்த பிறகுதான் கடைக்கு வரும். பிப்ரவரி 15-ஆம் தேதி சிவப்பு ரோஜாவை யார் சீந்துவார்கள்?

இந்தப் பூவின் ரகம் ‘ஃப்ரீடம்’. உருவாக்கியது ஜெர்மனியின் டான்டாவ் நிறுவனம். வளர்வதோ கடல் மட்டத்திலிருந்து 2,600 மீட்டர் உயரத்தில். ஆண்டு முழுக்கப் பகல் ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம், இரவில் குளிர். அதனால் பூ நிதானமாக வளர்ந்து, தண்டு தடித்து, தலை பெருக்கிறது. ஜனவரியில் மேகமில்லாத இரவு வந்தால் மட்டும் பண்ணைக்காரர்களுக்கு உறக்கம் கிடையாது, உறைபனி மொட்டைக் கருக்கிவிடும்.

இந்த இடம் கொய்மலருக்கு வாகானது என்று 1967-இல் ஆய்வுக் கட்டுரை எழுதியவர் டேவிட் சீவர் என்ற கொலராடோ மாநிலப் பல்கலைக்கழக மாணவர். எழுதியதோடு நில்லாமல், 1969-இல் கூட்டாளிகளோடு பொகோட்டாவுக்கு வந்து ‘ஃப்ளோரமெரிக்கா’ பண்ணையைத் தொடங்கினார். கொலம்பியப் பூவுக்கு வெளிநாட்டில் கிடைத்த முதல் விளம்பரம் அந்தக் கட்டுரைதான் என்பேன். 1973-இல் ஏற்றுமதியாளர்கள் ‘அசோகோல்ஃப்ளோரஸ்’ என்று சங்கம் கட்டினார்கள்.

மொட்டு விரியுமுன் பறித்த பூ தண்ணீர் வாளியில் பதப்படுத்தும் கூடத்துக்குப் போகிறது. அங்கே பெரும்பாலும் பெண்கள். தண்டின் நீளம் பார்த்துப் பிரித்து, இலை கழித்து, 25 பூவை ஒரு கொத்தாக அட்டையில் சுற்றுகிறார்கள். பெட்டியின் ஓட்டைகள் வழியே குளிர்காற்றை இழுத்து உள்சூட்டை எடுக்கிறார்கள். இதன்பின் கடை வரைக்கும் குளிர் விட்டுப்போகக் கூடாது. எல் டொராடோ விமான நிலையத்தில் போதைப்பொருள் போலீஸ் பெட்டிகளைச் சோதிக்கிறது. எந்த நாட்டுப் பெயரைச் சொல்லிப் பூ விற்க வேண்டுமோ, அந்தப் பெயரே சந்தேகத்தையும் கூட்டிக்கொண்டு வருகிறது. ஆனால் அந்தச் சந்தேகத்துக்குக் காரணமான கோக்கெயின்தான் சலுகையும் வாங்கித் தந்தது: கோகா இலைக்கு மாற்றுப் பிழைப்பு வேண்டுமென்று அமெரிக்கா 1991-இல் ஆண்டிஸ் நாடுகளின் பல பொருள்களுக்கு இறக்குமதி வரியை நீக்கியபோது பூவும் அதில் சேர்ந்தது.

மூன்றரை மணி நேரத்தில் மயாமி. அங்கே அதிகாரிகள் கொத்தை வெள்ளைத்தாள் மேல் தட்டி உதறிப் பூச்சி தேடுகிறார்கள். தேறிய பெட்டி குளிர்சாதன லாரியில் மொத்த வியாபாரிக்கோ சூப்பர் மார்க்கெட்டுக்கோ போகிறது.

இங்கேதான் விளம்பரக்காரர்களுக்குத் தலைவலி. கொலம்பியக் காப்பிக்கு முகம் உண்டு. 1959-இல் நியூயார்க் விளம்பர நிறுவனம் ஒன்று படைத்த ஹுவான் வால்டெஸ், கோவேறு கழுதையோடு அமெரிக்க வீடுகளுக்குள் நுழைந்துவிட்டார். காப்பி குடிப்பவர் தமக்காக வாங்குகிறார், நாள்தோறும் வாங்குகிறார். ரோஜாவைப் பிறருக்குக் கொடுக்கத்தான் வாங்குகிறார்கள். கொத்தோடு வரும் சீட்டில் இருப்பது கொடுப்பவர் பெயர். அதில் ஒரு நாட்டின் பெயருக்கு ஏது இடம்?

மெடலின் பூத் திருவிழாவில் முதுகில் பூத்தட்டுச் சுமந்து வரும் ‘சில்லெத்தேரோ’ விவசாயிகளின் படம் நாட்டின் பெயரோடு உலகம் சுற்றுகிறது. அழகான படம். ஏற்றுமதி ரோஜாவுக்கும் அந்த முதுகுக்கும் சம்பந்தமில்லை. உண்மையான பேரம் பொகோட்டாவில் இரண்டாண்டுக்கு ஒருமுறை நடக்கும் ‘ப்ரோஃப்ளோரா’ கண்காட்சியில். காதலர்களை விட்டுவிட்டுக் கொள்முதல்காரர்களைப் பிடித்ததுதான் சங்கத்தின் சாமர்த்தியம். பூச்சிமருந்து, கூலி, பெண்களின் உடல்நலம் பற்றி வெளிநாட்டில் கேள்விகள் கிளம்பியபோது 1996-இல் ‘ஃப்ளோர்வெர்டே’ திட்டத்தைக் கொண்டுவந்ததும் பெரும்பாலும் இந்தக் கொள்முதல்காரர்களைக் கருதித்தான். சீசன் நெருக்கடியில் வேலை நேரம் நீள்கிறது என்ற தொழிலாளர் புகார் அதனால் ஓய்ந்துவிடவில்லை.

பிப்ரவரி 14-ஆம் தேதி அமெரிக்காவில் பூ கை மாறும்போது, பீடபூமியில் அது பறிக்கப்பட்ட செடி அடுத்த கிளையை நீட்டத் தொடங்கியிருக்கும். அந்தப் பூ மே மாத இரண்டாம் ஞாயிறு, அன்னையர் தினத்துக்கு.