போர் உத்தி விளையாட்டுகளின் கடினத்தன்மை

போர் உத்தி விளையாட்டுகளின் கடினத்தன்மை என்பது, வரலாற்றுப் போர்களையோ போரை ஒத்த மோதல்களையோ பலகையில் ஆடிக் காட்டும் ஒரு விளையாட்டைப் புதியவர் ஒருவர் கற்று ஆடுவதற்கு வேண்டிய முயற்சியின் அளவைக் குறிக்கும். இது பெரும்பாலும் ஒரே எண்ணாகவோ, "எளிது", "கடினம்" என்ற ஒரே சொல்லாகவோ கூறப்படுகின்றது. ஆயினும் இதனுள் இரண்டு தனித்தனி அளவுகள் அடங்கியுள்ளன. இவற்றைப் பிரித்து அறியாதவர், தம்மால் எளிதில் கற்கக்கூடிய ஆட்டத்தைத் தவிர்த்துவிடுவதும், தாங்க முடியாத ஆட்டத்தை வாங்கிப் பாதியில் கைவிடுவதும் உண்டு.

இரு அளவுகள்

முதலாவது விதிச்சுமை ஆகும். ஆடத் தொடங்குமுன் படிக்க வேண்டிய விதிகள், ஆடும்போது நினைவில் வைக்க வேண்டிய விதிவிலக்குகள், பார்க்க வேண்டிய அட்டவணைகள் ஆகியன இதில் அடங்கும்.

இரண்டாவது ஆட்ட ஆழம் ஆகும். விதிகளை அறிந்தபின் ஒவ்வொரு நகர்விலும் எத்தனை வாய்ப்புகளை எண்ணிப் பார்க்க வேண்டும், ஒரு தவறான நகர்வின் விளைவு எவ்வளவு தொலைவு நீளும் என்பன இதனைச் சாரும்.

சதுரங்கத்தில் ஆறு வகைக் காய்களே உள்ளன. சிறுவரும் ஒரே நாளில் விதிகளைக் கற்றுக்கொள்வர். ஆனால் அதில் அமையக்கூடிய நிலைகளின் எண்ணிக்கை, 1-ஐ அடுத்து 44 சுழியங்கள் இட்டு எழுதும் எண்ணின் அளவினது என மதிப்பிடப்பட்டுள்ளது. எனவே சதுரங்கம் விதிச்சுமை குறைந்த, ஆழம் மிகுந்த ஆட்டம் ஆகும்.

ஆடு புலி ஆட்டம்

தமிழ்நாட்டின் ஊர்ப்புறங்களில் ஆடப்படும் ஆடு புலி ஆட்டம் இவ்வேறுபாட்டுக்குத் தக்க எடுத்துக்காட்டு ஆகும். இது குறிப்பிட்ட ஒரு போரைச் சித்தரிப்பதில்லை எனினும், வலிமை மிக்க சிலரைப் பலர் கூடி மடக்கும் மோதலை உத்தியாகக் கொண்டது. இதன் பரவலான வடிவில் 23 புள்ளிகளும், 3 புலிகளும், 15 ஆடுகளும் உள்ளன. உச்சிப்புள்ளியிலிருந்து நான்கு கோடுகள் அடிக்கோடு வரை இறங்கும். இடையில் மூன்று குறுக்குக்கோடுகள் அவற்றை வெட்டும். குறுக்குக்கோடுகளின் முனைகள் இருபுறமும் இணைக்கப்பட்டிருக்கும். தரையில் சுண்ணக்கட்டியாலோ கரியாலோ வரைந்து, கற்களையும் விதைகளையும் காய்களாகக் கொண்டு ஆடலாம்.

ஆடுகள் ஒவ்வொன்றாக வைக்கப்படும். அனைத்தும் வைக்கப்பட்ட பின்னரே அவை நகரலாம். அடுத்த புள்ளியில் ஓர் ஆடு இருந்து, அதற்கு நேர் அப்பாற்புள்ளி வெறுமையாக இருந்தால் புலி தாண்டி அதனை வெட்டலாம். புலிகள் நகர இடமின்றி அடைபட்டால் ஆட்டுப்பக்கம் வெல்லும். புலிப்பக்கம் வெல்ல எத்தனை ஆடுகளை வெட்ட வேண்டும் என்பது ஊருக்கு ஊர் வேறுபடும்.

திருப்பூர் மாவட்டத்தில் மூலனூர், தாராபுரம், காங்கேயம் வட்டாரங்கள் கொறங்காடு எனப்படும் வேலியிட்ட மேய்ச்சல் நிலங்களையும் ஆடு வளர்ப்பையும் உடையவை. பட்டியில் ஆடு அடைத்துப் பழகிய ஒருவருக்கு, ஆடுகள் பின்புறம் வெற்றிடம் இன்றி நெருங்கி நிற்க வேண்டும் என்பதைத் தனியாகக் கற்பிக்க வேண்டியதில்லை. அறிந்த கருப்பொருள் விதிச்சுமையைக் குறைக்கின்றது. ஒரு போரின் வரலாற்றை முன்பே படித்தவர் அப்போரைப் பற்றிய விளையாட்டை விரைவில் கற்பதும் இக்காரணத்தினாலேயே ஆகும்.

ஆயினும் இவ்வாட்டத்தின் ஆழம் குறைந்ததன்று. ஆடு ஒன்றும் வெட்டப்படாமல் 18 காய்களும் பலகையில் உள்ள நிலைகளை மட்டும் கணக்கிடலாம். 23 புள்ளிகளில் 3 புலிகளை 1,771 வகையில் வைக்கலாம். எஞ்சிய 20 புள்ளிகளில் 15 ஆடுகளை 15,504 வகையில் வைக்கலாம். இவற்றின் பெருக்கம் 2,74,57,584 ஆகும்.

இரு பக்கங்களின் கடினமும் ஒன்றன்று. புலிப்பக்கம் ஆடுபவர் ஒரு வாய்ப்பைத் தவறவிட்டாலும் அடுத்ததற்குக் காத்திருக்கலாம். ஆட்டுப்பக்கம் ஆடுபவர் இழந்த ஆட்டைத் திரும்பப் பெற முடியாது. டெல்லி சுல்தானகம், பாமினி அரசு, விசயநகரம் ஆகிய மூன்று தரப்புகளையும் வெவ்வேறு விதிகளுடன் அமைத்து, 1290 முதல் 1398 வரையான தக்காண வரலாற்றைச் சித்தரிக்கும் "விஜயநகரா" என்ற தற்காலப் பலகை விளையாட்டுக்கும் இது பொருந்தும். இத்தகைய ஆட்டங்களில் "எவ்வளவு கடினம்" என்பதோடு "எந்தப் பக்கத்திற்கு" என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டியுள்ளது.

விதிச்சுமையைத் தாங்குவோர்

1824இல் பிரசியப் படை அதிகாரியான இளைய ரைஸ்விட்ஸ் வெளியிட்ட கிரீக்ஸ்பீல் என்னும் போர்ப்பயிற்சி விளையாட்டில் நிலப்படமும் பகடையும் இழப்பு அட்டவணைகளும் பயன்பட்டன. ஆடுவோர் தம் கட்டளைகளை எழுதி நடுவரிடம் கொடுத்தனர். கணக்கிடுதல் அனைத்தும் நடுவரின் பொறுப்பாக இருந்தது. அதாவது விதிச்சுமை குறையவில்லை. ஆடுவோரிடமிருந்து நடுவருக்கு மாற்றப்பட்டது. இச்சுமையை மிகையெனக் கருதிய வெர்டி டு வெர்னுவா, நடுவரே தம் அனுபவத்தால் முடிவுகளைக் கூறும் முறையை 1876இல் முன்வைத்தார். கணினிப் போர் விளையாட்டுகளில் நடுவரின் இடத்தை நிரல் எடுத்துக்கொள்கின்றது. அங்குத் தொடங்குவது எளிது. ஆனால் ஒரு சண்டையில் ஏன் தோற்றோம் என்பது புதியவருக்கு விளங்காமல் போகலாம்.

1954இல் சார்லசு இராபர்ட்சு வெளியிட்ட "டாக்டிக்ஸ்" முதல் வளர்ந்த வணிகப் பலகைப் போர் விளையாட்டுகளில் நடுவர் இல்லை. சுமை முழுவதும் ஆடுவோரைச் சார்ந்தது. 1977இல் வெளியான "ஸ்குவாட் லீடர்" இதற்கு ஒரு தீர்வைக் கையாண்டது. அதன் விதிகள் 12 களங்களினூடே படிப்படியாகக் கற்பிக்கப்பட்டன. முதற்களத்தை ஆட விதிநூல் முழுவதையும் படிக்க வேண்டியதில்லை. மறு எல்லையில் 1979இல் வெளியான "த கேம்பெயின் ஃபார் நார்த் ஆப்பிரிக்கா" உள்ளது. பத்துப் பேர் ஆடுவதற்கென அமைந்த இதில், இத்தாலியப் படைகள் பாஸ்தா வேகவைக்கக் கூடுதல் நீர் வேண்டும் என்ற விதியும் இடம்பெற்றது.

மதிப்பெண்களின் குறைபாடு

அவலான் ஹில் நிறுவனம் தன் விளையாட்டுப் பெட்டிகளில் கடினத்தன்மையை 1 முதல் 10 வரையான எண்ணால் குறித்தது. 2000ஆம் ஆண்டில் தொடங்கிய போர்ட்கேம்கீக் தளத்தில் உறுப்பினர்கள் 1 முதல் 5 வரை வாக்களிக்க, அதன் சராசரி தரப்படுகின்றது. இச்சராசரியை வாசிப்பதில் இரு இடர்கள் உள்ளன.

முதலாவது, விதிச்சுமை, ஆட்ட ஆழம், ஆடும் நேரம் ஆகியவற்றுள் எதை மனதிற்கொண்டு ஒருவர் வாக்களித்தார் என்பதை அவ்வெண் காட்டுவதில்லை. இரண்டாவது, கடினமான போர் விளையாட்டுகளுக்கு வாக்களிப்போர் பெரும்பாலும் அவ்வகையில் பழகியவர்கள். அவர்களுக்கு நடுத்தரமாகத் தோன்றுவது புதியவருக்குப் பெருஞ்சுமையாக இருக்கலாம்.

புதியவர் மதிப்பிடும் முறை

ஒரு விளையாட்டைத் தேர்வதற்குமுன் பின்வருவனவற்றை அறிவது பயன் தரும்:

1. முதல் ஆட்டத்தைத் தொடங்க விதிநூலில் எத்தனைப் பக்கங்கள் கட்டாயமாகப் படிக்கப்பட வேண்டும்? மொத்தப் பக்கங்களை விட இதுவே சிறந்த அளவு ஆகும்.
2. விதிவிலக்குகள் எத்தனை? பொதுவிதியிலிருந்து ஊகித்து அறியக்கூடிய விதிகள் நினைவில் நிற்கும்; ஊகிக்க இயலாதவை நில்லா.
3. ஒரு மோதலின் முடிவை அறிய எத்தனை அட்டவணைகளைப் பார்க்க வேண்டும்?
4. எல்லாப் பக்கங்களுக்கும் விதிகள் ஒன்றா? இல்லையெனில் புதியவருக்கு ஏற்ற பக்கம் எது?
5. ஒரு மணி நேரத்தில் முடியும் சிறிய களம் உள்ளதா?
6. சுமையின் ஒரு பகுதியை ஏற்கக்கூடிய, முன்பே ஆடியறிந்த ஒருவர் உடனிருப்பாரா?

ஆடு புலி ஆட்டம் தலைமுறைகள் தோறும் விதிநூல் இன்றியே கற்கப்பட்டதற்குக் கடைசிக் கூறு முதன்மையான காரணம் ஆகும். அருகில் அமர்ந்து, தவறான நகர்வைத் திருத்தும் பெரியவரே அங்கு விதிநூலாகவும் நடுவராகவும் இருந்தார்.