ஆச்சி வீட்டுக் கலர் கண்ணாடி

போன மாசம் அம்பாசமுத்திரம் பக்கம் எங்க ஆச்சி வீட்டை இடிச்சாங்க. பங்கு பிரிச்சாச்சு, வேற வழியில்லை. தார்சாவிலிருந்து பட்டாசாலுக்குப் போற வாசல்ல, நிலைக்கு மேல அரைவட்டமா ஒரு மரச்சட்டம். அதுல சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள்னு ஏழு கண்ணாடி. சாயங்கால வெயில் அதுவழியா இறங்கி சிமெண்டுத் தரையில கலர் கலரா விழும். சின்ன வயசுல நீலத்துல கையை நீட்டி, "நான்தான் கிருஷ்ணர்"னு சொல்லிட்டு உக்காந்திருப்பேன் :-)

இதை ஸ்டெயின்ட் கிளாஸ்னு நானும் ரொம்ப நாள் சொல்லிக்கிட்டிருந்தேன். சரியாச் சொன்னா அது வேற. ஐரோப்பிய தேவாலயங்கள்ல கலர் கண்ணாடியைத் துண்டு துண்டா வெட்டி, முகம், துணிமடிப்பெல்லாம் தீட்டி, சூளையில சுட்டு, ஈயப் பட்டையால கோர்ப்பாங்க. வெள்ளிக் கலவையைப் பூசிச் சுட்டா கண்ணாடி மஞ்சளாகிற வித்தை அங்க 14-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்துல பரவுச்சு. நம்ம நாட்டுல அந்த மாதிரி பாக்கணும்னா கல்கத்தா செயின்ட் பால் கதீட்ரலோட மேற்கு ஜன்னல் இருக்கு. 1872-ல அந்தமான்ல கொல்லப்பட்ட மேயோ பிரபு நினைவா, பர்ன்-ஜோன்ஸ் வரைஞ்சு கொடுத்தது.

நம்ம வீடுகள்ல இருந்தது எளிமையான சங்கதி. உருக்கும்போதே நிறம் சேர்த்த கண்ணாடி. கோபால்ட் போட்டா நீலம், மாங்கனீஸ் போட்டா ஊதா, செம்போ தங்கமோ சேர்த்தா சிவப்பு. அதை வெட்டி ஆசாரி மரச்சட்டத்துல பொருத்திடுவார். ஓவியமும் கிடையாது, ஈயமும் கிடையாது. ஆனா நம்ம ஊரு வெயிலுக்கு அதான் சரி. கதவைச் சாத்தினாலும் வெளிச்சம் வரும், கண்ணு கூசாது.

இதோட உச்சத்தைப் பாக்க செட்டிநாட்டுக்குத்தான் போகணும். பர்மா, இலங்கை, மலேயான்னு போய்ச் சம்பாதிச்ச பணத்துல பர்மா தேக்கு, இத்தாலி சலவைக்கல், ஐரோப்பாக் கண்ணாடின்னு இழைச்சுக் கட்டினாங்க. எங்க தாத்தாவும் கொழும்புல சின்னதா கடை வச்சிருந்தவர்தான். அவர் அளவுக்கு ஏழு கண்ணாடி! 1930-களின் மந்தமும், 1942-ல ஜப்பான் பர்மாவைப் பிடிச்சதும் செட்டிநாட்டு வியாபாரத்தை முறிச்சுது. அப்புறம் எத்தனையோ வீடுகளோட தூணும் கதவும் காரைக்குடி பழம்பொருள் கடைகளுக்கு வந்து சேர்ந்துச்சு. அங்கயாவது வாங்க ஆள் இருந்தாங்க. எங்க ஊர்ல எல்லாம் இடிபாட்டோட லாரியில போகுது.

நான் போய்ச் சேர்றதுக்குள்ள கடப்பாரை வேலை முடிஞ்சிருச்சு. ஏழுல மூணுதான் தப்பிச்சுது. "அண்ணாச்சி, இதையும் குப்பையில போட்டுருவமா?"ன்னு கொத்தனார் கேட்டார். பழைய வேட்டியில சுத்தி எடுத்துட்டு வந்துட்டேன்.

புது வீட்டுக்குக் கலர் கண்ணாடி வேணும்னு கடையில கேட்டா, சாதாக் கண்ணாடி மேல ஸ்டிக்கர் ஒட்டித் தர்றேங்கறாங்க. வேண்டாம்னுட்டேன். மேற்கு ஜன்னல்ல ஆசாரியை வச்சு நீலம், பச்சை, மஞ்சள் மூணையும் மாட்டியாச்சு. சிவப்பு ஒண்ணுகூட மிஞ்சலை. அந்த இடத்துல வெறும் கண்ணாடிதான்.

உங்க ஊர்லயும் பழைய வீட்டை இடிக்கப் போறாங்கன்னா, ஒரு தடவை நிலைக்கு மேல அண்ணாந்து பாருங்க. கடப்பாரைக்கு முன்னாடி ஆசாரியைக் கூப்பிடுங்க.