நச்சுப் பாம்புகளின் பயணம்: பீப்பாயிலிருந்து விமானம் வரை

1891இல் சைகோனில் பணியாற்றிய பிரெஞ்சு மருத்துவர் ஆல்பர் கால்மெத்துக்கு ஒரு பீப்பாயில் உயிருள்ள நாகங்கள் வந்து சேர்ந்தன. அவற்றில் தொடங்கிய ஆய்வு 1895 வாக்கில் நாக நஞ்சை முறிக்கும் சீரத்தைத் தந்தது. அப்போது காரைக்காலும் சைகோனும் ஒரே பிரெஞ்சு ஆட்சியில் இருந்தன. காரைக்கால் தமிழர் பலர் அங்கே பிழைக்கப் போனார்கள்.

ஆனால் நாகத்துக்கான சீரம் கண்ணாடி விரியன் கடிக்குக் கேட்கவில்லை. காவிரிக் கடைமடை வயல்களில் இரண்டும் உண்டு. அந்தந்த மண்ணின் பாம்பு நஞ்சு தேவைப்பட்டது.

பாம்பையே விமானத்தில் அனுப்புவது எளிதல்ல. துணிப்பையில் கட்டி, காற்றுத் துளைகளில் வலையடித்த உறுதியான பெட்டியில் வைத்து, நச்சுப் பாம்பு என்று வெளியே எழுத வேண்டும். ஐயாட்டா என்னும் பன்னாட்டு விமான நிறுவனச் சங்கத்தின் விதி இது. பட்டியலிட்ட இனம் நாட்டெல்லை தாண்ட, 1976இல் இந்தியா சேர்ந்த சைட்டீஸ் உடன்படிக்கையின் அனுமதியும் வேண்டும்.

1978இல் சென்னைக்கு அருகே உருவான இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இந்தச் சிக்கலுக்கே இடம் தரவில்லை. பிடித்த பாம்பைச் சில வாரம் மண்பானையில் வைத்து நஞ்செடுத்து, மீண்டும் விட்டுவிடுகிறார்கள். உலர்த்திய நஞ்சுத் தூள்தான் மருந்து நிறுவனங்களுக்குப் போகிறது. அதில் செய்த மருந்து வடமேற்கு இந்தியப் பாம்புகள் சிலவற்றின் நஞ்சைச் சரியாக முறிப்பதில்லை என்று அண்மை ஆய்வுகள் காட்டியுள்ளன.