உப்பைத் தின்ற துப்பாக்கி

"உப்பைத் தின்னவன் தண்ணி குடிச்சுத்தான் ஆகணும்"னு ஊர்ல சொல்லுவாங்க. தப்புப் பண்ணினவனுக்குச் சொல்ற பழமொழி. நெசமாவே உப்பைத் தின்னுட்டு, காத்துல இருக்கற ஈரத்தையெல்லாம் குடிச்ச மரக்கட்டை ஒண்ணு இருக்குங்க. அந்தக் கதையைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. அதுக்கு முன்னாடி எங்க மாமா வீட்டுச் சண்டையைக் கொஞ்சம் கேட்டுக்கோங்க.

பொள்ளாச்சிப் பக்கம் எங்க அப்புச்சிக்குத் தோட்டம். காட்டுப்பன்னித் தொல்லைக்குன்னு லைசென்ஸ் வாங்கி ஒரு இரட்டைக்குழல் துப்பாக்கி வெச்சிருந்தார். இங்கிலாந்துச் சரக்கு. 1950கள்ல வால்பாறை எஸ்டேட் துரை ஒருத்தர் சீமைக்குத் திரும்பும்போது வித்துட்டுப் போனது. துடைச்சு எண்ணெய் போடற வேலை மாமாவோடது. சனிக்கிழமை தவறாமப் போடுவார். அப்படியும் மரக்கட்டையும் இரும்பும் சேர்ற ஓரத்துல துரு எட்டிப் பார்க்கும். அப்புச்சி அதைப் பார்த்தார்னா அன்னைக்கு வீடு ரெண்டுபடும். "ஒரு எண்ணெய் போடக்கூட வக்கில்லை, நீயெல்லாம் எங்கடா பண்ணையம் பாக்கப் போறே?" இந்த ஒரு வசவை மாமா இருபது வருஷம் கேட்டார். அப்புச்சி போய்ச் சேர்ந்து, லைசென்ஸ் மாமா பேருக்கு மாறி, அவருக்கே இப்ப எழுபது தாண்டியாச்சு. இன்னும் அந்தப் பேச்சு அவருக்கு ஆறலை.

போன வருஷம் இதைப் பத்திப் படிக்க ஆரம்பிச்சப்பத்தான் பிரௌனிங் கதை கையில சிக்கியது.

ஜான் மோசஸ் பிரௌனிங், 1855ல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஆக்டன் ஊரில் பிறந்தவர். உலகம் முழுக்கப் பெயர் பெற்ற துப்பாக்கி வடிவமைப்பாளர். அவருடைய கடைசி வடிவமைப்பு 'சூப்பர்போஸ்ட்'. இரண்டு குழல்களும் பக்கத்தில் பக்கத்தில் இல்லாமல், ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கும் வேட்டைத் துப்பாக்கி. அது விற்பனைக்கு வருவதைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1926 நவம்பரில், பெல்ஜியத்தின் எர்ஸ்டால் ஊர் எஃப்.என். தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோதே இறந்துபோனார். மிச்ச வேலையை மகன் வால் பிரௌனிங் முடித்தார். 1931ல் துப்பாக்கி சந்தைக்கு வந்தது. அப்பன் ஆரம்பிச்சதை மகன் முடிச்ச துப்பாக்கின்னு வெச்சுக்கலாம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவில் இதற்கு ஏக கிராக்கி. கட்டை செய்வது வால்நட் மரத்தில். நாம அக்ரூட்டுன்னு பருப்பு வாங்கித் திங்கிறோமே, அந்த மரம்தான். இதில் ஒரு சிக்கல் இருந்தது. ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம் காய வேண்டும் என்பது மரக்காரர்களின் பழைய கணக்கு. துப்பாக்கிக் கட்டைக்கு வெட்டும் பலகை இரண்டு, இரண்டரை அங்குலக் கனம் இருக்கும். அவசரப்பட்டுக் காய வைத்தால் வெளிப்பக்கம் முதலில் உலர்ந்து சுருங்கும், உள்ளே ஈரம் அப்படியே நிற்கும், மரம் வெடித்துவிடும்.

இதற்குக் கண்டுபிடித்த குறுக்கு வழிதான் உப்பு. பச்சை மரத்தை உப்பில் புதைத்தோ உப்புக் கரைசலில் ஊற வைத்தோ எடுத்தால், மேல்பகுதியில் உப்பு ஏறிக்கொள்ளும். அந்த உப்பு மேல்தோலைச் சட்டென்று காய விடாமல் கொஞ்சம் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். உள்ளே இருக்கும் நீர் நிதானமாக வெளியே வரும். வெடிப்பு குறையும், நாளும் மிச்சம். இது யாரோ முட்டாள் செய்த வேலை இல்லைங்க. அமெரிக்காவில் மேடிசன் நகரத்து வனப்பொருள் ஆய்வகம் 1930களிலும் 40களிலும் உப்பு, யூரியா எல்லாம் போட்டு ஆராய்ந்து பார்த்த முறைதான். மரத்தைப் பொறுத்தவரை நல்ல முறைகூட. அந்தக் காலத்தில் மரக்கப்பல் கட்டியவர்கள் கட்டைகளுக்கு நடுவே மூட்டை மூட்டையாக உப்புக் கொட்டி வைப்பார்கள். மரம் உளுத்துப் போகாமல் இருக்க.

பகை மரத்துக்கும் உப்புக்கும் இல்லை. உப்புக்கும் இரும்புக்கும்தான்.

சுமார் 1966லிருந்து 1970களின் தொடக்கம் வரை வந்த பிரௌனிங் துப்பாக்கிகளில் ஒரு பகுதி இந்த உப்புக் கட்டையோடு வெளிவந்தது. 1967 முதல் 1969 வரை வந்தவற்றில் அதிகம். சூப்பர்போஸ்ட் மட்டுமில்லை, ரைஃபிள்களிலும் உண்டு. வாங்கும்போது கட்டை பளபளவென்று, வரி வரியாக, அவ்வளவு அழகு. கெட்டது என்று யாராலும் சொல்ல முடியாது.

சாப்பாட்டு உப்புக்கு ஒரு குணம் உண்டு. காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் அது ஈரத்தை உறிஞ்சித் தானே கரைய ஆரம்பிக்கும். ஆடி மாசம் பாலக்காட்டுக் கணவாய் வழியா சாரல் அடிக்கும்போது நம்ம வீட்டு உப்பு ஜாடி வேர்த்து நிக்குமே, அதேதான். கட்டைக்குள் இருந்த உப்பும் அதையே செய்தது. வெளிப்புறம் பாலிஷ் போட்டு மூடியாச்சு. ஆனால் இரும்பு உட்காருவதற்காகக் குடைந்த உட்பக்கம் வெறும் மரம். உப்புநீர் அங்கேதான் கசிந்தது. குளோரைடு சேர்ந்த ஈரம் இரும்பில் பட்டால் துரு விடாமல் அரித்துக்கொண்டே போகும். மேலே எவ்வளவு எண்ணெய் போட்டாலும் மரத்துக்கு அடியில் வேலை நடந்துகொண்டே இருக்கும். கட்டையின் அடித்தகட்டைப் பிடித்திருக்கும் திருகாணியைக் கழற்றினால் அது முழுக்கத் துருவாக வரும்.

இதெல்லாம் ஒரே நாளில் வெளியே தெரியவில்லை. வறண்ட ஊரில் இருந்த துப்பாக்கிக்குப் பல வருஷம் ஒன்றுமே ஆகவில்லை. ஈரமான ஊரில் இருந்தது சீக்கிரமே காட்டிக் கொடுத்தது. நடுவில் துரு பிடித்த துப்பாக்கிக்காரனைப் பார்த்து ஊர் என்ன சொல்லியிருக்கும்? "வெச்சுப் பொழைக்கத் தெரியாதவன்"னுதான். பிறகு கம்பெனி விஷயத்தை ஒத்துக்கொண்டு பல வருஷம் கட்டைகளை மாற்றிக் கொடுத்தது. கழுவி, ஊற வைத்து, வார்னிஷ் பூசி எல்லாம் பலர் முயன்றார்கள். ஆழமாக ஏறிய உப்பு முழுசாக வெளியே வரவே வராது. கட்டையை மாற்றுவதுதான் நம்பகமான வைத்தியம். இன்றைக்கும் அந்த வருஷத்துப் பிரௌனிங் வாங்குகிறவர்கள் முதலில் திருகாணியைத்தான் கழற்றிப் பார்க்கிறார்கள்.

இதில் எனக்கு வியப்பு என்னவென்றால், மரத்தையும் இரும்பையும் சேர்த்து யோசிக்க வேண்டும் என்பது 100 வருஷத்துக்கு முன்னாலேயே தெரிந்த பாடம். அந்தப் பாடத்தில் நம்ம ஆனைமலைக்கும் ஒரு பங்கு உண்டு. ஓக் மரத்தில் இருக்கும் துவர்ப்பு அமிலம் இரும்பு ஆணியை அரிக்கும். தேக்கில் இருக்கும் எண்ணெய்ப் பசை இரும்பைக் காப்பாற்றும். கப்பல்காரர்கள் தேக்குக்கு அலைந்ததற்கு இதுவும் ஒரு காரணம். 1860ல் நீரில் இறக்கிய 'வாரியர்' போர்க்கப்பலில் நாலரை அங்குல இரும்புத் தகட்டுக்குப் பின்னால் 18 அங்குலத் தேக்குதான் முட்டுக் கொடுத்தது. அதே காலகட்டத்தில் ஆனைமலைத் தேக்கு பம்பாய்க் கப்பல் கட்டும் துறைக்குப் போய்க்கொண்டிருந்தது. வெட்டிய மரத்தை மலையுச்சியிலிருந்து சரித்து விட்ட இடம்தான் இன்றைய டாப்ஸ்லிப். கோவையில் 1902ல் தொடங்கிய காஸ் வன அருங்காட்சியகத்துக்குப் போனால் விதவிதமான மரத்துண்டுகளைப் பார்க்கலாம். கனம், வரி, நிறம் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். இரும்போட எப்படிக் குடித்தனம் பண்ணும்ங்கறது மட்டும் கண்ணுக்குத் தெரியாது.

சரி, மாமா கதைக்கு வர்றேன். நான் இதையெல்லாம் சொன்னதும் மனுஷன் துள்ளிக் குதிச்சுட்டார். "அப்ப நம்முளுதும் உப்புக் கட்டைதான்டா!"

அப்படி இருக்க வாய்ப்பில்லை மாமா, அது வேற கம்பெனி, அதுக்கும் முந்தின காலம்னு சொன்னேன். கேக்கல. லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடை மெக்கானிக்கிட்டக் கொடுத்துக் கட்டையைப் பிரிச்சோம். கெமிஸ்ட்ரி வாத்தியாரா இருக்கற நண்பர் சில்வர் நைட்ரேட் கொண்டு வந்தார். பிளஸ் டூ பிராக்டிகல்ல உப்பு ஆய்வு பண்ணினது ஞாபகம் இருக்குங்களா? தயிர் மாதிரி வெள்ளை வீழ்படிவு வந்தா குளோரைடு. அதே சோதனைதான். கையில பிடிக்கற இடத்துல வேர்வை உப்பு இருக்கும்ங்கறதால, உட்பக்கம் புதுசாச் சுரண்டி ஒரு சொட்டு விட்டார். வெள்ளை வரலை. கட்டை சுத்தம்.

மாமா மூஞ்சி சுருங்கிப் போச்சு. அப்ப வாத்தியார் பக்கத்துல கிடந்த தோல் உறையைப் பார்த்தார். அப்புச்சி ஈரோட்டுல தோல் எடுத்து ஆசை ஆசையாத் தெச்சு வாங்கினது. அதுக்குள்ள போடாமத் துப்பாக்கியை வெச்சா அதுக்குத் தனியா வசவு விழும். பதனிடறதுக்கு முன்னாடி தோலை உப்புப் போட்டுத்தான் வெப்பாங்க. உறையில ஒரு துணுக்கை வெட்டி, பேட்டரிக்கு ஊத்தற சுத்தத் தண்ணியில ஊற வெச்சு, ரெண்டு சொட்டு நைட்ரிக் அமிலம் விட்டு, அப்புறம் சில்வர் நைட்ரேட் விட்டார்.

தயிர் மாதிரித் திரிஞ்சது. அமோனியா விட்டதும் கரைஞ்சது. குளோரைடேதான்.

சனிக்கிழமை சனிக்கிழமை எண்ணெய் போட்டு, ஆடிச் சாரல்ல உப்பு உறைக்குள்ள கொண்டு போய்ச் சொருகியிருக்கார் மாமா. அதுவும் அப்புச்சி சொல்லித்தான்.

மாமா ரொம்ப நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம் உறையை எடுத்துச் சுருட்டி, "இதை இப்ப எங்கப்பங்கிட்ட யாருடா போய்ச் சொல்றது"ன்னார். துப்பாக்கி இப்ப ஒரு பருத்தித் துணி சுத்தி, காத்தாடற அலமாரியில பூட்டி இருக்கு. உறையைத் தூக்கிப் போடச் சொன்னேன். போடலை. அப்புச்சி போட்டோவுக்குக் கீழ ஆணியில தொங்குது. அந்த ஆணி எப்பத் துருப்பிடிக்குதுன்னு பார்த்துட்டு இன்னொரு பதிவு போடறேன் :-)