தொரட்டி

தொரட்டி (துறட்டி) என்பது நீண்ட கழியின் நுனியில் கொக்கி அல்லது சிறு அரிவாள் பொருத்தப்பட்ட கருவி ஆகும். தர்மபுரி மாவட்டத்தில் புளி, மாங்காய் பறிக்கவும் ஆடுகளுக்குத் தழை ஒடிக்கவும் இது பயன்படுகிறது.

இயற்பியல்

கழியின் எடை அதன் ஈர்ப்பு மையத்தில் செயல்படுகிறது. கழி செங்குத்தாக நிற்கையில் திருப்புத்திறன் ஏறத்தாழச் சுழியாகும். சாயச் சாய அது கூடும். 6 மீட்டர் நீளமும் 3 கிலோகிராம் எடையும் கொண்ட சீரான கழியின் அடிமுனையை ஒரு கையாலும், அங்கிருந்து அரை மீட்டர் தள்ளி மறு கையாலும் பிடித்துக் கிடையாக நீட்டினால், முன்னுள்ள கை 18 கிலோகிராம் எடைக்கு இணையான சுமையைத் தாங்க வேண்டும். பின்னுள்ள கை 15 கிலோகிராம் எடைக்கு இணையாகக் கீழே அழுத்த வேண்டும். கைகளுக்கு இடையே உள்ள தொலைவைக் கூட்டினால் இவ்விசைகள் குறையும்.

பாதுகாப்பு

சாயத் தொடங்கிய தொரட்டியைத் தடுத்து நிறுத்துவது கடினம். ஆகவே மின்கம்பிகளுக்கு அருகில் இதைப் பயன்படுத்தக் கூடாது. உலோகக் குழாயோ ஈரக் கழியோ கம்பியில் பட்டால் மின்சாரம் பாய்ந்து உயிரிழப்பு நேரலாம்.