தேங்காய் விலையும் திவானின் புகழும்

நாடு செழித்திருந்த காலத்தில் ஆட்சிப் பொறுப்பில் இருந்தவரையே அந்தச் செழிப்புக்குக் காரணகர்த்தாவாகக் கொள்ளும் வழக்கம் மிகப் பழையது. தெருக்கூத்தில் கொலுவேறும் ராஜா மந்திரியிடம் மாதம் மும்மாரி பொழிகிறதா என்று கேட்பதும், பெய்த மழை ராஜாவின் கணக்கில் வரவு வைக்கப்படுவதை அவையோர் ஐயமின்றி ஏற்பதும் அந்த வழக்கத்தின் அடையாளங்களே. திருவிதாங்கூரில் மழையின் இடத்தை முதலில் மிளகும் தேங்காயும், பின்னர் ரப்பரும், இறுதியில் அரபு நாட்டுக் கச்சா எண்ணெயும் பிடித்துக்கொண்டன; ராஜாவின் இருக்கையில் திவானும், அவருக்குப் பின் முதலமைச்சரும் அமர்ந்தனர்.

திருவனந்தபுரத்தில், தலைமைச் செயலகத்துக்கு எதிரே நிற்கும் ஒரு சிலையால் அந்தச் சந்திப்புக்கே ‘ஸ்டாச்யூ’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. சிலையாக நிற்பவர் கும்பகோணத்தில் மராட்டிய பிராமணக் குடும்பத்தில் பிறந்து, 1858 முதல் 1872 வரை திருவிதாங்கூரின் திவானாக, அதாவது மன்னரின் தலைமை அமைச்சராக, இருந்த சர் டி. மாதவ ராவ்.

அவருடைய சாதனைகளாகக் கூறப்படுபவை பொய்யல்ல. பிரிட்டிஷாருக்கு ஆண்டுதோறும் செலுத்த வேண்டிய எட்டு லட்சம் ரூபாய்க் கப்பம் நிலுவையில் நிற்க, கருவூலம் வறண்டு கிடந்த நிலையில் பொறுப்பேற்ற அவர், கடனை அடைத்து, உபரி காட்டி, 1866இல் ‘சர்’ பட்டமும் பெற்று, திருவிதாங்கூரை ‘மாதிரி சமஸ்தானம்’ என்று ஆங்கிலேயர் புகழும் நிலைக்குக் கொண்டுவந்தார். அவருக்கு முன்பு திவானாக இருந்து 1857இல் இறந்த கிருஷ்ண ராவின் பெயரோ சீர்கேட்டின் மறுபெயராகவே நூல்களில் நின்றுவிட்டது. 1855இல் சென்னை ஆளுநர் ஹாரிஸ் பிரபு, நிர்வாகம் திருந்தாவிடில் நாடு இணைத்துக்கொள்ளப்படும் என்று மன்னரை எச்சரித்தது கிருஷ்ண ராவின் காலத்தில்தான். இந்த இருவரையும் அடுத்தடுத்து வைத்து, ஒருவரைத் திறமையின் வடிவமாகவும் மற்றவரைத் திறமையின்மையின் வடிவமாகவும் வரைவது பாடநூலுக்கு வசதியானது. விலைவாசிக் கணக்கை அருகில் வைத்துப் பார்க்கும்போது அந்த வசதி குலைகிறது.

1820களின் நடுவிலிருந்து 1850களின் முற்பகுதி வரை தென்னிந்தியா முழுவதும் விளைபொருள் விலைகள் தாழ்ந்தே கிடந்தன; வரி பணமாகத் தண்டப்பட்டதால், விலை வீழ்ந்தபோது குடியானவன் அதே வரிக்குக் கூடுதல் நெல்லை விற்க வேண்டியிருந்தது, அவனால் கட்ட முடியாதபோது அரசின் கணக்கில் நிலுவை ஏறியது. கிருஷ்ண ராவ் ஆண்டது இந்தப் பள்ளத்தின் அடியில். பிறகு, கலிபோர்னியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் தங்கம் கிடைத்ததால் உலகில் பணப்புழக்கம் பெருகியது, ரஷ்யாவின் சரக்குகளைத் தடுத்த கிரிமியப் போர் (1853–56) இந்திய எண்ணெய் வித்துகளுக்கும் நார்களுக்கும் தேவையை உயர்த்தியது, ரயில்பாதைகளுக்காக ஆங்கில முதலீடு இந்தியாவில் இறங்கியது, 1861இல் தொடங்கிய அமெரிக்க உள்நாட்டுப் போர் பருத்தி விலையை வானளவு ஏற்றியது. இவை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து விலைகளை மேலே தள்ளின. சோப்புக்கும் மெழுகுவத்திக்கும் தேங்காய் எண்ணெய் தேடிய ஐரோப்பிய ஆலைகளால் கொப்பரைக்கும் தேவை பெருகியது. ஆலப்புழையில் ஜேம்ஸ் டாரா 1859இல் கயிற்றுத் தொழிற்சாலை நிறுவியதற்கும் திவானின் ஆணை காரணமல்ல.

அரசியல் நல்வாய்ப்பும் அதே வேளையில் வந்தது. மாதவ ராவ் பதவியேற்ற 1858ஆம் ஆண்டிலேயே, சிப்பாய்க் கலகத்தால் பாடம் கற்ற பிரிட்டிஷ் அரசு, இனிச் சமஸ்தானங்களை இணைத்துக்கொள்வதில்லை என்று விக்டோரியா மகாராணியின் பிரகடனத்தில் உறுதி கூறியது. கிருஷ்ண ராவின் தலைமேல் தொங்கிய வாள் இவர் காலத்தின் தொடக்கத்திலேயே உறைக்குள் போய்விட்டது. அண்டை நாடான கொச்சியிலும், சங்குண்ணி மேனன் திவானாக இருந்த அதே 1860களில் கருவூலம் நிரம்பியது என்பது இங்கு நல்ல உரைகல். பக்கத்து வயலிலும் ஒரே பருவத்தில் பயிர் செழித்திருந்தால், உழவனின் கைத்திறனைப் புகழ்வதற்கு முன் மழையளவைப் பார்ப்பதே முறை.

விலகிய காலமும் அவருக்கு வாய்ப்பாகவே அமைந்தது. மன்னர் ஆயில்யம் திருநாளுடன் ஏற்பட்ட மனக்கசப்பால் 1872இல் அவர் பதவி விலகினார். 1873இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நெடிய மந்தம் தொடங்கியது, இலங்கையில் 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் தென்னிந்தியக் காப்பித் தோட்டங்களையும் பற்றியது, 1876–78இல் பெரும் பஞ்சம் சென்னை மாகாணத்தை வாட்டியது. அவற்றின் சுமை, பின்வந்த சேஷையா சாஸ்திரி போன்றவர்களின் தோளில் ஏறியது.

ஆயினும் மாதவ ராவை வெறும் அதிர்ஷ்டசாலி என்று ஒதுக்குவதும் நியாயமாகாது, ஏனெனில் வந்த பணத்தை என்ன செய்வது என்ற தேர்வு அவருடையதே. மிளகு, புகையிலை ஆகியவற்றை அரசே வாங்கி விற்ற ஏகபோகங்களை அவர் நீக்கினார். யாழ்ப்பாணத்திலிருந்து கடல்வழி வந்த புகையிலை அரசுக்கு ஈட்டித் தந்த வருவாயைக் கைவிடும் துணிவு வறண்ட கருவூலத்துக்கு வந்திருக்காது. 1865இல் பிறப்பிக்கப்பட்ட பண்டாரப்பாட்ட விளம்பரம் இன்னும் ஆழமானது. சர்க்கார் நிலத்தைப் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, உழுதவர்களுக்கு அந்நிலத்தை விற்கவும் ஒற்றி வைக்கவும் பிள்ளைகளுக்கு விடவும் அது முழு உரிமை அளித்தது. விலை உயர்ந்த காலத்தில் வந்த இந்த உரிமையால் உயர்வின் பயன் நிலம் வைத்திருந்த குடிகளிடமும் தங்கியது. உபரிக் கணக்கைவிட இந்த ஒரு விளம்பரமே சிலைக்குத் தகுந்த காரணம்.

பிற்காலத்தில் சர் சி. பி. ராமசுவாமி ஐயரின் திவான் பதவியில் (1936–47) நல்வாய்ப்பும் தீவாய்ப்பும் ஒரே கப்பலில் வந்திறங்கின. 1942இன் தொடக்கத்தில் ஜப்பானியர் மலாயாவைப் பிடித்ததால் நேச நாடுகள் இழந்த ரப்பருக்கு ஈடாகத் திருவிதாங்கூர் ரப்பருக்குத் தேவை பெருகியது. அடுத்து அவர்கள் பர்மாவைப் பிடித்ததால், தன் அரிசியில் பெரும்பங்கை அங்கிருந்து வாங்கிய இதே நாட்டில் மக்கள் பட்டினியால் மடிந்தனர். தொழில் வளர்ச்சியை மட்டும் திவானுக்கும், பஞ்சத்தைப் போருக்கும் எழுதிவைப்பவர்கள் ஒரே பேரேட்டில் இரண்டு கணக்கு எழுதுகிறார்கள். 1940இல் மின்சாரம் தந்த பள்ளிவாசல் திட்டம் வேறு வகை. போருக்கு முன்பே தொடங்கப்பட்ட அந்தத் திட்டத்தில் முன்யோசனை இருந்தது.

திருவிதாங்கூர் கேரளத்தின் பகுதியாகிவிட்ட காலத்தில், 1973 அக்டோபருக்குப் பின் சில மாதங்களில் கச்சா எண்ணெய் விலை ஏறத்தாழ நான்கு மடங்கானபோது கதை மீண்டும் தொடங்கியது. வளைகுடா சென்ற மலையாளிகள் அனுப்பிய பணம் கேரளத்தின் வீடுகளையும் கடைகளையும் பள்ளிகளையும் மாற்றியது. மாறி மாறி ஆண்ட இரண்டு முன்னணிகளும் அதன் பலனைத் தத்தம் கணக்கில் எழுதிக்கொண்டன. தென் அமெரிக்காவில், சரக்கு விலைகளையும் அமெரிக்க வட்டி விகிதத்தையும் கொண்டே அதிபர்களின் செல்வாக்கைப் பெருமளவு கணிக்க முடிவதை டானியேலா கம்பெல்லோ, சீசர் சூக்கோ ஆகிய ஆய்வாளர்கள் காட்டியுள்ளனர். கேரளத்திலும் எந்தக் கட்சியும் துபாயில் எண்ணெய் விலையை நிர்ணயிக்கவில்லை. வெளிநாடு செல்லத் தகுந்த கல்வியை மக்களுக்கு முன்பே அளித்திருந்ததில் மட்டும் அரசுகளுக்குப் பங்குண்டு, அதுவும் மன்னராட்சிக் காலத்திலிருந்தே தொடர்ந்து வந்த பங்கு.

திருவனந்தபுரத்து நகரப் பேருந்துகளில் நடத்துநர்கள் இன்றும் ‘ஸ்டாச்யூ’ என்றே கூவி ஆளிறக்குகிறார்கள். கிருஷ்ண ராவின் பெயரில் அப்படியொரு நிறுத்தம் இல்லை.