ஒரு முட்செடியும் ஓர் இனப்பெயரும்

அயல்மொழி ஒன்றைக் கற்கப் புகுவோர்க்கு அரசன், ஆறு, மலை, வீடு போன்றவற்றைக் குறிக்கும் சொற்கள் விரைவில் கைவந்துவிடும். புல்வெளியில் தாமே முளைத்துத் தாமே மடியும் செடிகளின் பெயர்கள்தாம் இறுதிவரை இடர் தருவன. அகராதியைப் புரட்டினால் 'ஒருவகைச் செடி' என்ற விளக்கமே பெரும்பாலும் கிடைக்கும். அதனோடு அமைந்து மேலே செல்வது எளிது. ஆயினும் அத்தகைய சொல்லொன்றின் முன் சற்றே நின்று நோக்கினால், பல நூற்றாண்டு வரலாறு அதனுள் மடிந்து கிடக்கக் காண்போம். உருசிய நாட்டு முட்செடி ஒன்றின் பெயர் இதற்குத் தக்க சான்றாகும்.

உருசியப் புல்வெளிகளிலும் வயலோரங்களிலும் கோடையில் மிகுதியாகக் காணப்படும் செடி அது. தண்டும் இலையும் முள்ளால் நிறைந்தவை. உச்சியில் செந்நீல நிறத்தில் குஞ்சம்போல் மலர் விரியும். நம் நாட்டில் எண்ணெய்க்காகப் பயிரிடப்படும் குசும்பாச் செடிக்கு அது உறவுடையது. இவ்வகை முட்செடிகளுக்கு உருசிய மொழியில் வழங்கும் பெயர்களுள் ஒன்று 'செர்த்தபலோக்' என்பது. 'பேயை வெருட்டுவது' என்பது அதன் பொருள். மற்றொரு பெயர் 'தத்தார்னிக்'. துலா வட்டாரத்து உழவர்களோ அதனினும் சுருக்கமாகத் 'தத்தாரின்' என்றே அழைத்தனர். 'தத்தாரின்' என்றால் தத்தார் இனத்து மனிதன். ஆக, மனிதனுக்கும் முட்செடிக்கும் பெயர் ஒன்றே!

இப்பெயர் எங்ஙனம் வந்தது? 1237-இல் பத்து கானின் படை உருசிய மண்ணில் புகுந்தது. ரியாசான் நகர் முதலில் வீழ்ந்தது. 1240-இல் கீவ் நகரும் அழிந்தது. படைத்தலைவர்கள் மங்கோலியர், படையினருள் பெரும்பாலோர் துருக்கிய இனத்தவர். மக்கள் அனைவரையும் தத்தாரியர் என ஒரே பெயரால் சுட்டினர். 1480-இல் உக்ரா ஆற்றங்கரையில் அவ்வாட்சி முடிவுற்றது வரை உருசியச் சிற்றரசர்கள் திறை செலுத்தி வாழ்ந்தனர். 1552-இல் நான்காம் இவான் கசான் நகரைக் கைப்பற்றியபின் நிலை தலைகீழாயிற்று, ஆண்டவர் ஆளப்பட்டனர். ஆயினும் பெயர் மறையவில்லை. பேரரசு தெற்கே விரிய விரிய, எதிர்ப்பட்ட இசுலாமிய இனத்தார் பலரையும் 'தத்தாரியர்' என்றே உருசியர் வழங்கலாயினர். அணுகினால் குத்தும், பிடுங்கினால் எளிதில் வாராத செடிக்கும் அப்பெயரே நிலைத்தது.

இதனை உருசியருக்கே உரிய குறை எனக் கொள்ளுதல் பொருந்தாது. மெக்சிகோ நாட்டிலிருந்து வந்த மலரொன்றை நாம் 'துலுக்கச் சாமந்தி' என்கிறோம். துருக்கியரைக் குறித்த சொல், தமிழையே தாய்மொழியாகக் கொண்ட இசுலாமியருக்கும் ஏற்றப்பட்டு, பின்னர் ஒரு பூவின் மீதும் படிந்தது. ஐரோப்பியரைக் குறித்த 'பறங்கி' என்னும் சொல் பறங்கிக்காயில் உணவாயிற்று, பறங்கிப்புண்ணில் பழியாயிற்று. ஊர்மக்கள் இடும் பெயர்களில் அண்டை அயலாரைப் பற்றிய அச்சமும் வியப்பும் மனக்கசப்பும் இவ்வாறே தங்கிவிடுகின்றன.

இனி, அந்த முட்செடி இலக்கியத்துள் புகுந்த வரலாற்றை நோக்குவோம். காக்கேசிய மலைநாட்டைக் கைப்பற்ற உருசியப் பேரரசு நெடும்போர் நடத்திய காலம். மலைமக்களின் தலைவர் இமாம் ஷாமில். அவருடைய படைத்தலைவருள் பெயர்பெற்றவர் ஹாஜி முராத். ஷாமிலோடு பகைமை மூண்டதால் 1851-இன் இறுதியில் அவர் உருசியரிடம் வந்து சேர்ந்தார். அப்போது இருபத்து மூன்று வயதினராய்த் திபிலிசி நகரில் இருந்த டால்ஸ்டாய், தமையன் செர்கேய்க்கு எழுதிய கடிதத்தில் அதனை இழிசெயல் என்று குறித்தார். 1852-இல் உருசியரிடமிருந்து தப்பிச் செல்ல முயன்ற ஹாஜி முராத் போரிட்டு மாண்டார். அவர் தலை வெட்டப்பட்டுப் பீட்டர்ஸ்பர்க் நகருக்கு அனுப்பப்பட்டது.

நாற்பத்து நான்கு ஆண்டுகள் உருண்டோடின. 1896 சூலைத் திங்களில், அதே செர்கேய் வாழ்ந்த பிரோகவா என்னும் ஊரில், உழுது புரட்டிய கரிசல் நிலத்தின் வழியே டால்ஸ்டாய் நடந்து சென்றார். அங்கே முறிந்தும் புழுதி படிந்தும் இன்னும் செந்நிறம் மாறாது நின்ற முட்செடி ஒன்றைக் கண்டார். அது ஹாஜி முராத்தை நினைவூட்டியதென்று நாட்குறிப்பில் எழுதினார். அவ்வாண்டிலேயே எழுதத் தொடங்கிய கதையின் முதல் வரைவுக்கு 'முட்செடி' என்றே பொருள்படும் பெயரையும் இட்டார். 1904 வரை பலமுறை திருத்தப்பட்ட 'ஹாஜி முராத்', அவர் மறைந்தபின் 1912-இல்தான் வெளிவந்தது. உருசியப் பதிப்பில் தணிக்கையாளர் பல பகுதிகளை நீக்கினர்.

அக்கதையின் முகப்பில், தம் வட்டாரத்தில் 'தத்தாரின்' என வழங்கும் செடி என்று டால்ஸ்டாய் அதனைப் பெயர்கூறி அறிமுகம் செய்கிறார். ஹாஜி முராத் தத்தாரியர் அல்லர். தாகெஸ்தானத்து அவார் இனத்தவர். ஆயினும் உருசியப் படைவீரனின் வாயில் அவரும் தத்தாரியரே. அந்தப் பொதுப்பெயரை ஆசிரியர் மாற்றவில்லை. அதன் மதிப்பையே மாற்றினார். புல் அறுப்போர் கைக்கு அஞ்சி விலக்கிய செடி, அவர் எழுத்தில் இறுதிவரை பணியாத உயிரின் வடிவமாயிற்று. தமையனுக்கு எழுதிய இளைஞரின் கடுமொழிக்கு முதியவர் அளித்த மறுமொழி என்றும் அக்கதையைக் கொள்ளலாம்.

இதனால் மொழிபெயர்ப்பாளர்க்குப் பெறப்படுவதும் ஒன்றுண்டு. 'தத்தாரின்' என்பதை வெறுமனே 'முட்செடி' என்று பெயர்த்தால் தாவரம் கிடைக்கும், வரலாறு நழுவிவிடும். சொல்லை அப்படியே நிறுத்தி, அதற்குரிய மனிதரையும் உடன் அறிமுகம் செய்தலே நேர்மை. பிற மொழியின் செடிப்பெயரை இவ்வாறு கற்கும்போது, நம் மொழியில் நாம் எண்ணாது வழங்கும் பெயர்களையும் ஒருமுறை திரும்பிப் பார்க்கிறோம். துலுக்கச் சாமந்தியைத் தொடுக்கும் கை, அப்பெயருக்குப் பின்னே நிற்கும் மக்களையும் எண்ணிப் பார்க்குமாயின், அயல்மொழிக் கல்வி தன் பயனைத் தந்ததாகக் கொள்ளலாம்.